வெள்ளைத்தாயின் பிஸ்கட் செக்சன்

சிவகாசிக்காரர்களுக்கு லேபிளைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சோப்புக்கும் சூடத்துக்கும் ஊறுகாய்க்கும் ஒட்டுகிற லேபிளை லோடு லோடாக அடித்து வெளியூருக்கு ஏற்றிவிடுகிறவர்கள் அவர்கள். உள்ளே இருக்கிற சரக்கு எப்படி என்று அடிக்கிறவனுக்கும் தெரியாது, வெட்டுகிறவனுக்கும் தெரியாது. மாம்பழத்தைக் கண்ணால் பார்த்திராத சாறுக்கு மாம்பழப் படம் போட்டுக் கொடுத்த ஊர். லேபிளை நம்பாதே என்று ஊர் உலகத்துக்கு எடுத்துச் சொல்லும் தகுதி இவர்களுக்குத்தான் உண்டு. ஆனால் பாருங்கள், நாலு வர்ணத்தில் பளபளவென்று ஒரு அட்டைப்பெட்டியைக் கண்டுவிட்டால் முதலில் வாயைப் பிளப்பதும் இவர்கள்தான். வெள்ளைத்தாய் மகளுக்குக் கல்யாணம் கூடியது அப்படி ஒரு பெட்டியால்தான்.

வெள்ளைத்தாய்க்கு அப்போது நாற்பதைத் தாண்டிய வயது. சாத்தூர் ரோட்டு ஓரத்துக் காலனியில் வீடு. புருசன் சங்கிலிமுத்து ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் பேப்பர் அடுக்குகிற வேலையில் இருந்தான். ஒரே மகள் செல்வலட்சுமி பிளஸ் டூ முடித்துவிட்டுத் தையல் பழகிக்கொண்டிருந்தாள். காலனியில் மற்ற பெண்களெல்லாம் விடிந்ததும் தூக்குச்சட்டியோடு கம்பெனி வண்டிக்கு ஓடும்போது, வெள்ளைத்தாய் மட்டும் தலைக்குக் குளித்து, பவுடர் பூசி, சாவகாசமாகக் கிளம்புவாள். எங்கே போகிறாய் என்று கேட்டால், கேட்டவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் பதில் வரும்.

"நான் இப்பம் பட்டாசு வேலைக்குப் போறதில்லத்தா. முதலாளி வீட்டுல பிஸ்கட் செக்சன்."

செக்சன் என்ற சொல்லை அவள் உச்சரிக்கிற அழகில், முதலாளி வீட்டுக்குப் பின்னால் பெரிய பிஸ்கட் கம்பெனியே ஓடுகிறது என்று காலனி நம்பியது. பிஸ்கட் உண்மைதான். முதலாளி வீடு உண்மைதான். அதைத் தின்பது யார் என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. தின்பது டாலர். டாலர் என்பது முதலாளி வீட்டு நாய்.

அந்த வேலை அவளுக்குக் கிடைத்த விதம் வேறு. இரண்டு வருசத்துக்கு முன்னால் அதே முதலாளியின் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அடைக்கிற மருந்து அறையில் தீப்பிடித்தது. வெள்ளைத்தாயின் இடது கையில் இரண்டு விரல்கள் வெந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பக்கத்தில் உட்கார்ந்து குழாய்க்கு மருந்து செலுத்திக்கொண்டிருந்த அய்யம்மாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரவில்லை. முதலாளி ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார். "உன்னைக் கைவிட மாட்டேன்" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். தன் வீட்டு நாய்க்குச் சமைக்கிற பொறுப்பை அவளிடம் கொடுத்தார்.

பெங்களூரில் படிக்கிற மகன் அனுப்பி வைத்த நாய் அது. பால்கோவா நிறம், தொங்கின காது, கன்றுக்குட்டி உயரம். பார்க்கிறவர்கள் பயந்தார்கள். அது பயந்தது பட்டாசுக்கு. சாயங்காலம் எங்கேயாவது சாம்பிள் வெடி போட்டுப் பார்க்கிற சத்தம் கேட்டால் போதும், முதலாளி கட்டிலுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டு, பாய் நனைகிற வேலையையும் பார்த்துவிடும். பட்டாசு முதலாளி வீட்டு நாய் பட்டாசுக்குப் பயப்பட்டால், மீன் வியாபாரி வீட்டுப் பூனை மீனைக் கண்டு ஓடின மாதிரிதானே. வடக்கேயிருந்து ஆர்டர் கொடுக்க வந்த சேட்டு ஒருத்தர் இதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். அன்றைக்கு முதலாளியம்மா ஒரு முடிவுக்கு வந்தாள். நாயைப் பழக்கியே தீருவது.

கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்து, நாய்க்குக் கடைப் பிஸ்கட் ஆகாது, வீட்டிலேயே செய்து தர வேண்டும் என்று கண்டுபிடித்தாள். கேப்பை மாவு, அவித்து அரைத்த ஆட்டு ஈரல், முட்டை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு. உப்பு, சீனி, வெங்காயம் மூன்றும் தொடக்கூடாது. பிசைந்து, உருட்டி, புளியங்கொட்டை அளவுக்கு வெட்டி, மொறுமொறுவென்று காய வைக்க வேண்டும். பெரிதாக இருந்தால் ஒன்று தின்றதும் வயிறு நிறைந்து நாய்க்குப் படிப்பில் கவனம் போய்விடுமாம். திரி வெட்டிப் பழகின கைக்கு வெட்டுவது ஒரு வேலையா? ஒட்டின விரலோடும் வெள்ளைத்தாய் சரசரவென்று வெட்டித் தள்ளினாள். பட்டாசு காயப்போடுவது மாதிரியே பேப்பரை விரித்து வரிசையாகப் பரப்பி, வெயில் சாயச் சாயத் திருப்பியும் போட்டாள்.

பழக்குகிற முறையையும் முதலாளியம்மாதான் சொல்லிக் கொடுத்தாள்.

"நல்லாக் கேட்டுக்கோ வெள்ளைத்தாயி. அது குரைச்சா நீ மூஞ்சியைத் திருப்பிக்கணும். உறுமுச்சுன்னா டப்பாவை மூடிரணும். சொன்னபடி உட்கார்ந்தாத்தான் பிஸ்கட். ஒரே ஒரு தடவ குரைச்சதுக்குக் குடுத்துட்டேன்னு வையி, ஆயுசுக்கும் குரைச்சே வாங்கும்."

"நாய்க்கு மட்டுமா தாயி இது?" என்றாள் வெள்ளைத்தாய். முதலாளியம்மாவுக்கு அது காதில் விழவில்லை.

தினமும் சாயங்காலம் தோட்டத்து மூலையில் டிரைவர் ஒரு ஓலைவெடியைக் கொளுத்துவார். சத்தம் கேட்டதும் டாலர் உள்ளே ஓடாமல், மடியில் பிஸ்கட் வைத்திருக்கிற வெள்ளைத்தாய் முன்னால் வந்து உட்கார்ந்து, வலது காலைத் தூக்கிக் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்தால் பிஸ்கட். முதலாளியம்மா கைதட்டி "குட் பாய்" என்பாள். வெடிச்சத்தம் கேட்டால் வெள்ளைத்தாய்க்கும்தான் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஒவ்வொரு வெடிக்கும் அய்யம்மாளின் அலறல் காதில் வந்து போனது. அந்தப் பயத்தைப் போக்க என்ன தின்னக் கொடுக்கலாம் என்று யாரும் கம்ப்யூட்டரில் தேடிப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தால் ஒரு சிக்கல். அன்றைக்கு முதலாளி வீட்டு அடுப்பில் கவுச்சி ஏறக்கூடாது. ஆனால் நாய்க்கு ஏது வெள்ளிக்கிழமை? ஆகையால் வெள்ளிக்கிழமைச் சரக்கை வெள்ளைத்தாய் தன் வீட்டிலேயே செய்து, காய வைத்து, மறுநாள் கொண்டுபோவாள். எடுத்துப் போக ஒரு பெட்டி வேண்டுமே. சிவகாசியில் பெட்டிக்குப் பஞ்சமா? எந்த வீட்டில் பார்த்தாலும் அலமாரியில் விரித்திருப்பது பிரஸ் வேஸ்ட், பிள்ளைகள் நோட்டுக்கு அட்டை பிரஸ் வேஸ்ட், சுவரில் சாமி படமே பாதி வர்ணம் விட்டுப்போன பிரஸ் வேஸ்ட்தான். சங்கிலிமுத்து கொண்டுவந்து போட்டதில் ஒரு கட்டு, ஏதோ வெளிநாட்டுக் குழந்தைச் சத்து பிஸ்கட்டுக்கு அடித்த பெட்டி. வர்ணம் ஒரு நூல் விலகிவிட்டதால் கழித்துப் போட்டது. ரோஸ் கன்னத்தில் குழி விழச் சிரிக்கிற வெள்ளைக்காரக் குழந்தை, சுற்றிலும் தங்க எழுத்து. நாய் பிஸ்கட் அதற்குள் போய் உட்கார்ந்தது.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது, இரண்டாயிரத்து ஆறாம் வருசம் ஆவணி மாதம், செல்வலட்சுமியைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல நாள் என்று வெள்ளிக்கிழமையாகப் பார்த்து வந்தார்கள்.

மாப்பிள்ளை முனியராஜ் சாத்தூரில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தான். நல்ல பையன். அப்பா வாயைப் பார்த்துவிட்டுத்தான் மூச்சு விடுவான் என்பது ஒன்றுதான் குறை. அப்பா மாரிசாமி லேபர் ஏஜெண்டு. சொந்தமாக வேன் வைத்து, தானே ஓட்டி, சாத்தூர்ப் பக்கத்துப் பெண்களை அள்ளிக்கொண்டுபோய் விஸ்வநத்தத்துப் பட்டாசுக் கம்பெனிகளில் இறக்கிவிட்டு, சாயங்காலம் ஏற்றி வருவார். ஊரில் ஒரு பெண் சும்மா நடந்து போவதைக் கண்டால் அவருக்கு வேனில் காலியாக இருக்கிற சீட்டுதான் ஞாபகம் வரும். அரை முகம் மீசை, மீதி முகம் விபூதி. கூடவே சம்சாரம் முத்துப்பேச்சி, பேச்சு பெயரில் மட்டும்.

கேசரி வந்தது. "நமக்குச் சுகரு" என்று மாரிசாமி கையைக் காட்டினார். சாத்தூர்க்காரருக்கே சாத்தூர்ச் சேவு வந்தது. "எண்ணெ ஆகாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு." பெண் வந்தாள், கும்பிட்டாள். மாரிசாமி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார்.

"விரலு நல்லா நீளமா இருக்கே. வெடிச்சரம் பின்னுமா? பழகிக்கிரட்டும். கல்யாணம் முடிஞ்சதும் நம்ம வண்டியிலயே ஏத்தி விட்டுருவம். மருந்து அறையில போட்டா கூலி இன்னும் கூட."

வெள்ளைத்தாய் இடது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். மகளுக்கு நகை எவ்வளவு போடுவது, சாப்பாடு யார் செலவு, எதற்கும் அவள் வளைந்துகொடுக்கத் தயார். இந்த ஒன்றுக்கு மட்டும் தயாரில்லை.

"அண்ணே, எம்மக மருந்துல கை வைக்க மாட்டா. அது ஒண்ணு மட்டும் வேணாம்."

மாரிசாமியின் மீசை எழுந்து நின்றது. "அப்பம் வீட்டுல வச்சுப் படம் பாக்கவா மருமக? என் வண்டியில ஊர்ப் பொம்பளைக எல்லாம் ஏறும், எம்மருமக ஏறாதாக்கும்? ஏலே முனியராசு, எந்திரிலே."

முனியராஜ் எழுந்துவிட்டான். சங்கிலிமுத்து கையைப் பிசைந்துகொண்டு நின்றான். அந்த நேரத்தில்தான் மாரிசாமியின் கண் அலமாரியில் இருந்த பெட்டி மேல் விழுந்தது. ரோஸ் கன்னக் குழந்தை அவரைப் பார்த்துச் சிரித்தது.

"அது என்ன பெட்டி?"

"அது... நான் முதலாளி வீட்டுல செய்ற பிஸ்கட்டுண்ணே."

"பாரின் சரக்கால்ல இருக்கு. சீனி போட்டதா?"

"சீனி கெடையாது. எண்ணெயும் கெடையாது." இரண்டும் சத்தியமான உண்மை.

"கொண்டா அத."

என்ன செய்வாள்? மறுத்தால் போச்சு. மாரியாத்தா, வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஈரலைத் திங்க வைக்கிறேன், பாவத்தை என் தலையில் போட்டுக்கோ என்று வேண்டிக்கொண்டு பெட்டியை நீட்டினாள். மாரிசாமி ஒன்றை எடுத்து வாயில் போட்டார். கடித்தார். வேறு எவனாவது அதே துண்டை ஓலைப்பெட்டியில் வைத்துக் கொடுத்திருந்தால் துப்பியிருப்பார். பெட்டியின் படத்தை ஒரு தரம் பார்த்தார், மறுபடியும் கடித்தார், தலையை ஆட்டினார்.

"இதான் ஒரிசினல் டேஸ்ட்டு. நம்ம ஆளுகளுக்கு இதோட அருமை தெரியாது. உப்பக் கொட்டி சீனியக் கொட்டிக் கெடுத்துருவானுக. எம்புட்டு வாசம்!"

வாசம் இருக்காமல் என்ன செய்யும், காலையில் வாங்கின ஈரல். இரண்டாவதை எடுத்தார், மூன்றாவதை எடுத்தார், தின்கிற வாய்க்குக் கோபப்பட முடியாதல்லவா, உட்கார்ந்துவிட்டார். முனியராஜும் உட்கார்ந்தான்.

வெள்ளைத்தாய் அவர் உட்கார்ந்ததைப் பார்த்தாள். அவளுக்கு எங்கேயோ இதைப் பார்த்தது மாதிரி இருந்தது.

"மருந்து அறை வேணாம்னா விட்டுரும்" என்றார் மாரிசாமி, வாயில் பிஸ்கட்டோடு. "சரம் மட்டும் பின்னட்டும்."

வெள்ளைத்தாய் பெட்டியின் மூடியைச் சாத்தினாள். நீண்ட கை அப்படியே நின்றது. மாரிசாமி மூடியைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். "சரி, அதப் பெறகு பேசிக்கிருவம்" என்றார். மூடி திறந்தது.

அன்றைக்கே தட்டு மாற்றினார்கள். தை மாதம் கல்யாணம். அவர்கள் போன பிறகு சங்கிலிமுத்து கதவைச் சாத்திவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"ஏ புள்ள, நாய்க்குச் செஞ்சத மனுசனுக்குப் போட்டுட்டியே. தெரிஞ்சா வெட்டிப் போட்டுருவாரு."

"மனுசனுக்கு எங்க போட்டேன்? ஏஜெண்டுக்குல்ல போட்டேன்" என்றாள் வெள்ளைத்தாய்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை தோறும் மாரிசாமியின் வேன் காலனி முக்கில் நின்றது. சுகர் இறங்கிவிட்டதாம், உடம்பு காற்று மாதிரி இருக்கிறதாம், பல்லுகூடக் கெட்டிப்பட்டுவிட்டதாம். வேனில் ஏறுகிற பெண்களிடமெல்லாம் பெட்டியைக் காட்டி, "எங்க சம்பந்தகாரி கைப்பக்குவம், வெளிநாட்டுக்குப் போற சரக்கு" என்று பீற்றிக்கொண்டார். யாருக்கும் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை, அது ஒன்றுதான் நல்லதாய்ப் போயிற்று.

வெள்ளைத்தாய் அவரை உட்கார வைத்துப் பழக்கினாள். தீபாவளிச் சீசன் நெருங்க நெருங்க அவருக்கு ஆள் பற்றவில்லை. "கல்யாணத்துக்கு முன்னாடியே பிள்ளைய அனுப்பு தங்கச்சி, சீசன் மட்டும்" என்று ஒரு சனிக்கிழமை சத்தம் போட்டுக்கொண்டே வந்தார். வெள்ளைத்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு அரிசி புடைக்கத் தொடங்கினாள். பெட்டி அலமாரியிலேயே இருந்தது. கத்திக் கத்தி ஓய்ந்து, வெறுங்கையோடு போனார். அடுத்த வாரம் குரல் தணிந்து வந்து, "சரம் வேணாம், பெட்டி மட்டும் ஒட்டட்டுமே" என்றார். அதற்கு ஒரு கைப்பிடி. அதற்கடுத்த வாரம், "வீட்டுலருந்தே ஒட்டட்டும்." அதற்கு அரைப் பெட்டி. ஐப்பசி கழிந்து ஒரு நாள் வந்ததும் வராததுமாக உட்கார்ந்து, கையை நீட்டி, "பிள்ள தைக்குதுல்ல, தைக்கட்டும்" என்றார். வெள்ளைத்தாய் முழுப் பெட்டியையும் எடுத்து அவர் மடியில் வைத்தாள். குட் பாய் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது, விழுங்கிக்கொண்டாள்.

இந்தப் பக்கம் டாலருக்குப் பங்கு குறைந்தது. வெடி வெடித்தால் ஓடி வந்து உட்கார்ந்து காலை நீட்டும், ஆனால் மடியிலிருந்து பாதித் துண்டுதான் வரும். அது அண்ணாந்து பார்க்கிற பார்வையைத் தாங்க முடியாமல் வெள்ளைத்தாய் வேறு பக்கம் பார்ப்பாள். "என்னமோ ஏமாத்தறாப்புல பாக்குதே" என்பாள் முதலாளியம்மா. "வளருற பிள்ள தாயி, பசிக்கும்" என்று சொல்லி வைப்பாள் இவள்.

தையில் சிவகாசி மண்டபம் ஒன்றில் கல்யாணம். வெள்ளைத்தாய் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, ஒட்டின விரலில் மோதிரம் போட முடியாமல் மறு கையில் போட்டுக்கொண்டு, வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றாள். நடுநடுவே மேடையில் உட்கார்ந்திருந்த மகளின் அழகை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டாள். அப்போதுதான் தூணுக்கு அந்தப் பக்கம் மாரிசாமியின் குரல் கேட்டது. விஸ்வநத்தத்துப் போர்மேன் ஒருத்தரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"திங்கக்கிழமை தொட்டு ஒரு ஆளு கூடுது அண்ணாச்சி. எம்மருமகதான். மருந்து அறைக்கே போட்டுக்கோங்க. இப்பம் என்னத்தயோ தையலு கிய்யலுன்னு சொல்லுவாக. தாலி ஏறட்டும், பெறகு யாரு கேக்கா?"

இத்தனை மாதம் வயிற்றைக் கட்டி, நாய் வாயைக் கட்டி ஊட்டியது எல்லாம் வீண். நாய் வாலை நிமிர்த்த முடியுமா என்பார்கள். டாலரைப் பற்றி அப்படிச் சொன்னால் அது பொய். இந்த ஆளைப் பற்றிச் சொன்னால் சத்தியம். கல்யாணத்தை நிறுத்திவிடலாமா என்றுகூட நினைத்தாள். மேடையில் மகள் முனியராஜைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதற்குள் கெட்டிமேளம் முழங்கிவிட்டது. தாலி ஏறியது.

தாலி ஏறினால் வாசலில் ஆயிரம் வாலாச் சரம் கொளுத்த வேண்டும். கொளுத்தாவிட்டால் அது சிவகாசிக் கல்யாணமே இல்லை. அதுவும் முதலாளி அன்பளிப்பாகக் கொடுத்த வாலா. காரை விட்டு இறங்கி, நாயைப் பழக்கின பெருமையை ஊருக்குக் காட்ட டாலரைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு, முதலாளியம்மா அப்போதுதான் மண்டபத்துக்குள் நுழைந்தாள். வெளியே வாலா வெடித்தது. மண்டபம் அதிர்ந்தது. டாலர் சங்கிலியை உதறிக்கொண்டு பாய்ந்தது.

ஜனங்கள் அலறி விலகினார்கள். டாலர் எந்தக் கட்டிலையும் தேடவில்லை. படித்த படிப்பை மறக்காத பிள்ளையாக மூக்கை நீட்டிக்கொண்டு, பிஸ்கட் வைத்திருக்கிற ஆளைத் தேடிப் போனது. நேராக மாரிசாமி முன்னால் போய் உட்கார்ந்து வலது காலைத் தூக்கிக் கொடுத்தது. அவர் சட்டைப்பை நிறையப் பிஸ்கட்.

"ஏயப்பா! நாய்க்குக்கூடத் தெரியுது பெரிய மனுசன் யாருன்னு" என்றான் எவனோ. மாரிசாமிக்கு நெஞ்சு விரிந்தது. எல்லோரும் பார்க்க, பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து இரண்டாக உடைத்தார். ஒரு பாதியை நாய் வாயில் போட்டார். மறு பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

முதலாளியம்மா மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். தரையில் விழுந்த துணுக்கை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"அட, எங்க டாலருக்குச் செய்ற பிஸ்கட்டுல்ல இது! ஈரல் வாசம் அப்படியே அடிக்குதே. நீங்களும் நாய் வளர்க்கிறீகளா?"

மேளச் சத்தத்தில் அது மாரிசாமிக்கும் வெள்ளைத்தாய்க்கும் மட்டும்தான் கேட்டது. மாரிசாமியின் தாடை பாதிக் கடியில் நின்றது. அடுத்த கணம் விறுவிறுவென்று சமையல்கட்டுப் பக்கம் நடந்தார். வெள்ளைத்தாயும் பின்னாலேயே போனாள். அண்டாக்களுக்கு நடுவில் அவர் திரும்பி நின்றார். கண் சிவந்திருந்தது.

"நாய்த் தீனியவா எனக்குப் போட்டே? இம்புட்டு நாளும்?"

வெள்ளைத்தாய்க்கு மகள் நினைப்புத்தான் வந்தது. மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டால் தாலி ஏறின பிள்ளை என்ன ஆகும்? மாரிசாமி இன்னும் ஒரு அடி முன்னால் வந்தார். தொண்டைக்குள் உறுமினார். அந்த உறுமல்தான் அவளுக்கு ஞாபகப்படுத்தியது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாழை இலைக் கட்டை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"உன்னத்தான் கேக்கேன்!"

"சத்தமாக் கேளுங்கண்ணே. இங்கன கேட்டா யாருக்குக் கேக்கும்? அங்கன மொய் வாசிக்கிற மைக்கு சும்மாத்தான் கெடக்கு. ஏஜெண்டு மாரிசாமி ஆவணி தொட்டு நாய் பிஸ்கட்டத் தின்னு சுகரக் கொறச்சாருன்னு நீங்களே சொல்லிருங்க. நானும் பக்கத்துல நின்னு ஆமான்னு சொல்லுதேன்."

"மெரட்டுதியா?"

"நான் எங்க மெரட்டுனேன்? சீனி கெடையாதுன்னேன், இல்ல. எண்ணெ கெடையாதுன்னேன், இல்ல. பெட்டிப் படத்தப் பாத்து மயங்குனது நீங்க." அவள் முந்தானையை விலக்கி இடது கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இதயும் பாருங்க. இது உங்க மருந்து அறை. எங்கூட இருந்தவளுக்கு இந்தக் கைகூட மிஞ்சல. எம்மக அங்க போகக்கூடாது. உங்க வண்டிப் படியில கால வைக்கக்கூடாது. இதத் தவிர நான் உங்கள எதுவும் கேக்கல."

பந்தியில் அவருடைய வேன் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எத்தனை தடவை அந்தப் பெட்டியை அவர்களிடம் காட்டியிருப்பார். மாரிசாமி பந்தியைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார். பிறகு மெல்ல, கவிழ்த்துப் போட்டிருந்த அண்டா மேல் உட்கார்ந்தார்.

"தைக்கட்டும்" என்றார். "வீட்டுல மிசினப் போட்டுக்கிட்டுத் தைக்கட்டும்."

வெள்ளைத்தாயின் கை பழக்க தோசத்தில் மடிக்குள் போய், டாலர் வந்தால் போட என்று முடிந்து வைத்திருந்த ஒரு பிஸ்கட்டை எடுத்து நீட்டிவிட்டது. நீட்டிய பிறகுதான் அவளுக்கே உறைத்தது. மாரிசாமியின் கையும் பழக்க தோசத்தில் வாங்கிவிட்டது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றுமுற்றும் வேறு யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் வாயில் போட்டுக்கொண்டார்.

ஆனால் முதலாளியம்மா லேசுப்பட்டவள் இல்லை. மறுநாளே கணக்கைப் போட்டுக் கண்டுபிடித்துவிட்டாள். "வாயில்லா ஜீவன் வயித்துல அடிச்சிட்டியே, நீ ஒரு பொம்பளையா?" என்று கண்ணீர் விட்டாள். மெய்யான கண்ணீர்தான். மருந்து அறை எரிந்தபோது அந்த வீட்டில் யாரும் அப்படி அழுததாக வெள்ளைத்தாய்க்கு ஞாபகம் இல்லை. பிஸ்கட் செக்சன் அன்றோடு மூடப்பட்டது.

வேறு வேலை என்ன இருக்கிறது அந்த ஊரில்? வெள்ளைத்தாய் மறுபடியும் தூக்குச்சட்டியை எடுத்தாள். விஸ்வநத்தத்தில் வேறொரு கம்பெனியில் திரி வெட்டுகிற வேலை. ஏற்றிப்போக வந்தது மாரிசாமியின் வேன்தான். காலனிப் பெண்கள் இடித்துக்கொண்டு நிற்க, அவளுக்கு மட்டும் டிரைவர் பக்கத்து சீட்டு காலியாக இருக்கும். ஏன் என்று யாராவது கேட்டால் மாரிசாமி, "சம்பந்தகாரியாச்சே" என்பார்.

ஏறினதும் அவள் தினமும் ஒரே கேள்விதான் கேட்பாள்.

"எம்மக செல்வி எங்கண்ணே?"

"வீட்டுலதான் இருக்கா. மிசின்ல உக்காந்துட்டா."

அந்தப் பதில் வந்த பிறகு அவள் மடியிலிருந்து சின்னதாக ஒரு பொட்டலத்தை எடுத்து, கியருக்குப் பக்கத்தில் வைப்பாள். பதில் வரும் வரைக்கும் வைக்க மாட்டாள். பொட்டலத்தில் அதே கேப்பை, அதே ஈரல், அதே பக்குவம்தான். இப்போது உப்பு மட்டும் கொஞ்சம் சேர்த்திருந்தாள், மனுசன் தின்கிறதாயிற்றே.